கூரைக் கணக்கு

அரசாங்கப் பாடசாலையில் எண்ணப்படாத பொருள் கிடையாது. மேசை, கதிரை, கரும்பலகை, தண்ணீர் வாளி, கால் உடைந்த ஸ்டூல் எல்லாவற்றுக்கும் பொருட்பதிவேட்டில் ஒரு வரி உண்டு. ஆண்டு முடிவில் இரண்டு மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து எண்ணி, சரிபார்த்து, கையொப்பமிடுவோம். ஒரு கதிரை குறைந்தால் அதிபர் விளக்கம் எழுதவேண்டும். பதினேழு வருடம் அந்தக் கணக்கெடுப்புக்குப் போயிருக்கிறேன். கதிரைகளுக்கு மேலே இருந்த அஸ்பெஸ்டஸ் சீட்டுகளை எண்ணச் சொல்லி எந்தச் சுற்றுநிருபமும் எங்கள் கைக்கு வந்ததில்லை.

ஓய்வுபெற்ற பின்னர் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கட்டடக் குழுவில் என்னைப் போட்டார்கள். எண்பதடி நீளமான பழைய கட்டடத்தின் கூரையை மாற்றி, கிழக்குப் பக்கமாக இரண்டு வகுப்பறைகளைச் சேர்த்துக் கட்டுவது திட்டம். கோப்பைத் தூக்கிக்கொண்டு அலையும் வேலை என்னுடையது. வலயக் கல்விப் பணிமனை, தொழில்நுட்ப உத்தியோகத்தர், பிரதேச சபை, மறுபடியும் வலயப் பணிமனை. வீதியிலிருந்து எத்தனை அடி, யன்னல் எத்தனை, மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். கழற்றப்போகும் கூரை எங்கே போகும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. வரைபடத்தில் அதற்கு 'அகற்றப்படும்' என்ற ஒரேயொரு சொல்தான் இருந்தது. போதாக்குறைக்குப் படம் வரைந்த தம்பி, புதிய வகுப்பறைகளின் கூரைக்கும் பழக்கதோஷத்தில் அஸ்பெஸ்டஸ் என்றே எழுதியிருந்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் கிழக்குக் கரையில் தகரம் நிலைக்காது. கடற்காற்று சில வருடங்களில் தின்றுவிடும். 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி கிடுகையும் ஓட்டையும் அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். துருப்பிடிக்காத, கறையான் அரிக்காத, விலை குறைந்த சீட் வந்தபோது அதை ஒரு நிஃமத்தாகவே எடுத்துக்கொண்டோம்.

அந்தச் சீட்டில் ஏறத்தாழப் பத்து வீதம் வெள்ளை அஸ்பெஸ்டஸ் நார். மிகுதி பெரும்பாலும் சீமெந்து. உடையாமல் கிடக்கும்வரை நார் சீமெந்துக்குள் அடங்கிக் கிடக்கும். துளைக்கும்போதும், கிரைண்டரால் வெட்டும்போதும், பாசி போக்கக் கம்பித் தூரிகையால் உரஞ்சும்போதும் கண்ணுக்குத் தெரியாத தூசாக எழும்பும். சுவாசப்பைக்குள் ஆழமாக இறங்கினால் உடம்பால் அதைக் கரைக்க முடியாது. நோய் வெளிப்பட இருபது, முப்பது, நாற்பது வருடங்கள்கூட ஆகலாம். நாலாம் வகுப்பில் மூச்செடுத்த பிள்ளை பேரப்பிள்ளை காணும் வயதில் இருமினால், எந்த வைத்தியர் பாடசாலைக் கூரையைப் பற்றி விசாரிப்பார்? தொழிலிடங்களில் அஸ்பெஸ்டஸ் தூசு பட்டதால் மாத்திரம் ஆண்டுக்கு 200,000க்கு மேற்பட்டோர் மரணிப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

2004 டிசம்பர் 26இன் பின்னர் எங்கள் கரை நெடுகிலும் உடைந்த சீட்டுகள் சேற்றோடு சேர்ந்து கிடந்தன. வெறுங்கையால் அள்ளினோம். ஜனாஸாக்களைத் தேடிக்கொண்டிருந்த கைகளுக்கு அந்த நினைப்பு எங்கிருந்து வரும்?

அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு பாடசாலையும் தன் கட்டடங்களில் அஸ்பெஸ்டஸ் எங்கெங்கே இருக்கிறது என்று எழுதிவைக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மீளப் பரிசோதிக்க வேண்டும். பெற்றோர் கேட்டால் அந்த ஏட்டைக் காட்ட வேண்டும். வெள்ளை அஸ்பெஸ்டஸைத் தடைசெய்யும் விதியை அந்த நாடே 2024இல்தான் கொண்டுவந்தது என்பது வேறு விடயம். ஆனால் தடை வரும்வரை எழுதாமல் இருக்கவில்லை.

இங்கே 2018 முதல் இறக்குமதியைத் தடைசெய்வதாக ஓர் அறிவிப்பு இருந்தது. 2017 டிசம்பரில் நமது தேயிலைப் பொதியில் ஒரு வண்டு கிடந்ததென்று ரஷ்யா தேயிலை வாங்குவதை இடைநிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்பதும் ரஷ்யாதான். தடை பின்போடப்பட்டது, தேயிலையும் மறுபடி கப்பலேறியது. ஒரு வண்டு நம் பிள்ளைகளின் கூரைவரை பறந்து வந்த கதை அது.

குழுவில் பெரிய சண்டை பிடித்தது தொண்ணூற்றாறு பழைய சீட்டுகளை என்ன செய்வதென்பதில். ஏலத்தில் விட்டால் புதுக்கூரைக்கு ஒரு தொகை சேரும் என்றார் பொருளாளர். பாவித்த சீட்டுக்கு ஊரில் எப்போதும் ஆளிருக்கிறது: மாட்டுக்கொட்டில், வேலி, குசினி. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மூன்று பிள்ளைகளோடு தனித்திருக்கும் ஒரு தாய் என்னை மறித்தார்.

"சேர், எங்கட குசினி முழுக்க ஒழுகுது. நாலு சீட் தந்தாப் போதும். நீங்க எறியப்போற சாமான்தானே?"

அந்தக் கேள்விக்கு முன்னால் நான் படித்த புள்ளிவிபரமெல்லாம் ஒன்றுக்கும் உதவவில்லை. பிள்ளைகளின் தலைக்குமேலே ஆகாதென்று இறக்குவதை அதே பிள்ளைகளின் குசினிக்கு ஏற்றிவிட என்னால் முடியாது என்று அடுத்த கூட்டத்தில் சொன்னேன். அப்படியானால் அந்தத் தாய்க்கு நாலு தகரம் வாங்கிக் கொடுங்கள் என்றார் பொருளாளர், கோபத்தோடு. நல்ல யோசனை என்று அதையே தீர்மானமாக எழுதிக்கொண்டோம். தகரம் போய்ச்சேர ஒரு மாதம் இழுபட்டது.

ஆகஸ்ட் விடுமுறையில் கழற்றினோம். ஓடாவியார் கிரைண்டரோடு வந்து நின்றார்.

"நாப்பது வருஷமா இதத்தான் வெட்டுறன் சேர். எனக்கு என்ன வந்திட்டு?"

"ஒண்டும் வராம இருக்கட்டும் காக்கா. கிரைண்டர் வேணாம். தண்ணி அடிச்சு நனைச்சுப்போட்டுக் கழட்டுங்க."

துருப்பிடித்த போல்ட்டுகளைக் கத்தரியால் வெட்டி, சீட்டை எறியாமல் கயிற்றில் இறக்கினார்கள். கொரோனாவுக்குக் கட்டிய துணிக் கவசம் இதற்கு உதவாது. அஸ்பெஸ்டஸ் தூசுக்கென்றே உள்ள சுவாசக் கவசம் வேண்டும். வெயிலுக்குள் அதைப் போட்டுக்கொண்டு நிற்க அவருக்குப் பொறுக்கவில்லை. அரை மணிக்கொரு தடவை இறங்கி என்னை முறைத்துவிட்டு மீண்டும் ஏறினார். இரண்டு நாள் வேலை ஐந்து நாளானது. ஐந்து சீட் உடைந்தது. தரையைக் கூட்டவிடாமல் ஈரத்துணியால் துடைப்பித்தோம்.

தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகு அவற்றை எங்கே கொண்டுபோவதென்ற கேள்வி பாக்கியிருந்தது. பிரதேச சபைக்கு இரண்டு கடிதம் கொடுத்தேன். குப்பை மேட்டில் கொட்டலாம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுத்தில் தாருங்கள் என்றேன், தரவில்லை. ஆகவே அவை களஞ்சிய அறைக்குப் பின்னால், பூட்டிய கம்பி வேலிக்குள் கிடக்கின்றன. 'பழைய அஸ்பெஸ்டஸ் சீட் 91, உடைந்தவை 5' என்று பதிவேட்டில் எழுதும்படி அதிபரிடம் கேட்டேன். எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவதென்று அவர் கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு தளபாடத்துக்கும் விளையாட்டுப் பொருளுக்கும் இடையில் எழுதினார்.

புதுக்கூரை அமானோ சீட். டிசம்பர் மாரி அடித்தபோது அந்தச் சத்தத்துக்குள் ஆசிரியர் சொல்வது முன் வாங்குப் பிள்ளைக்கே கேட்கவில்லையாம். வெயிலிலும் சூடு இறங்குகிறது. சீலிங் அடித்தால் இரண்டும் குறையும். அதற்கான கோப்பு இப்போது வலயப் பணிமனையில் இருக்கிறது. திங்கட்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.