நிற்காத சாடி

சனி, காலை

காணையிலிருந்து விழுப்புரம் வந்து, அங்கே புதுச்சேரி பஸ் பிடித்தார்கள் இருவரும். ஒருவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். மற்றவர் நாற்பது வருஷமாகச் சக்கரம் சுற்றும் மண்பாண்டக்காரர். "ரோமாபுரிச் சாடி ஒண்ணு இருக்கு, வாங்கண்ணே" என்று ஆசிரியர் கூப்பிட்டு மூன்று மாதம் ஆகிறது. சூளை வேலை இப்போதுதான் ஓய்ந்தது.

கோலியனூர், வளவனூர், கண்டமங்கலம் என ஊர்கள் பின்னால் போகப் போக, ஆசிரியர் அரிக்கமேட்டின் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். 1937-இல் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர், அரியாங்குப்பம் ஆற்றங்கரை மேட்டில் ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கிய மணிகளை வாங்கினார். ஒரு கல்லில் ஆண் முகம் செதுக்கியிருந்தது. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் சீசர்தான் என்று முடிவுகட்டினார். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே குழி வெட்டினார். கிடைத்தவற்றில் இத்தாலியின் அரெஸ்ஸோ ஊரில் செய்த சிவப்புப் பளபளப்பு ஓடுகள் இருந்தன. சிலவற்றில் செய்தவர் பெயரே முத்திரையாக இருந்தது.

"பேரு இருந்தா என்ன சார்?"

"அந்தப் பட்டறைங்க எப்ப நடந்துச்சுன்னு இத்தாலியில தெரியும்ணே. அந்த ஓடு கிடந்த மண்ணுக்கும் வயசு தெரிஞ்சிபோச்சு. கூடக் கிடந்த நம்ம பானைக்கும் சேர்த்துத்தான்."

தென்னிந்தியத் தொல்லியலுக்குக் காலக்கணக்கு கொடுத்தவை கைக்கடக்கமான அந்த ஓடுகள்தான். கி.பி. முதல் நூற்றாண்டு என்று துணிந்து சொல்ல முடிந்தது அதற்குப் பிறகுதான்.

சனி, முற்பகல்

பாரதி பூங்கா அருகே, புதுச்சேரி அருங்காட்சியகம். சோழர் செப்புத் திருமேனிகளின் முன் கைகூப்பிவிட்டு, நேரே சாடியிடம் போனார் மண்பாண்டக்காரர். நீண்ட கழுத்து, இரண்டு கைப்பிடி. ஆம்ஃபொரா என்று பெயர். வெகுநேரம் அடிப்பாகத்தையே பார்த்தார்.

"அடி கூரா இருக்கே சார். எப்படி நிக்கும்?"

தரையில் நிற்பதற்காகச் செய்ததல்ல அது. கப்பலின் வயிற்றில் வரிசையாக அடுக்கி, கீழ்வரிசைத் தோள்களின் இடுக்கில் மேல்வரிசைக் கூர்முனையைச் சொருகுவார்கள். திராட்சை மதுச் சாடி என்றால் உட்புறம் கீல் பூசியிருக்கும், கசியாது. ஆலிவ் எண்ணெயும் மீன் ரசமும் இப்படித்தான் கடல் தாண்டின. இதைக் கேட்டதும் அவர் குனிந்து, கைப்பிடி உடம்போடு சேரும் இடத்தைக் காட்டினார்: "தனியா உருட்டி, ஈரம் காயறதுக்குள்ள ஒட்டியிருக்கான். கெட்டிக்காரன்."

அடுத்துப் பார்த்தது தட்டு. மெல்லிய சாம்பல் நிறத் தட்டின் உள்ளே, நடுவைச் சுற்றி வட்ட வட்டமாகப் பொடிப்பொடிப் பள்ளங்கள். 'ரௌலெட்டட்' வகை. தன் பழைய நோட்டில் இதை ரோமத் தட்டு என்றே ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார். வீலர் காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்திய விமலா பெக்லியும், பின்னால் களிமண்ணைச் சோதித்தவர்களும் அதை மாற்றிவிட்டார்கள். தட்டு இந்திய மண், இந்தியக் கை.

"இது எனக்கு வரும் சார். பாதி காய்ஞ்ச தட்டைச் சுத்தவிட்டு மெல்லிசுத் தகட்டை லேசாப் புடிச்சா அதுவே துள்ளித் துள்ளிக் கொத்தும்."

அரை நாள் பயணத்துக்கு இந்த ஒரு வாக்கியம் போதும் என்று தோன்றியது ஆசிரியருக்கு.

சனி, மாலை

அரிக்கமேடு. தென்னை, மாமரம், பழைய கட்டடத்தின் இடிந்த செங்கல் சுவர், கரையை அரிக்கும் ஆறு. காலடியில் ஓடுகள். ஒன்றை எடுத்த மண்பாண்டக்காரர் விளிம்பைத் தடவிப் பார்த்து, "சூடு பத்தல" என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

ஞாயிறு

காணையில், வீட்டுத் திண்ணையோரம் சக்கரம் சுற்றியது. ஒடிந்த ஆக்சா பிளேடுதான் தகடு. முதல் தட்டு கிழிந்தது. இரண்டாவதில் கோடு மட்டும் விழுந்தது. மண் இன்னும் கொஞ்சம் இறுகட்டும் என்று காத்திருந்து, மூன்றாவதில் பிளேடை வைத்தார். டக்டக்டக் என்று சத்தம் கேட்டது. சக்கரம் நின்றதும் ஆசிரியர் எட்டிப் பார்த்தார். மூன்று வட்டம், நெருக்கமாக, பொடிப்பொடியாக.