ரஞ்சன்குடிக்கும் ஓர் ஆடி உண்டு

திருச்சியிலிருந்து சென்னைக்கு இரவு பஸ்ஸில் போகிறவர்கள் பெரம்பலூரைத் தூக்கத்திலேயே கடந்துவிடுவார்கள். பகலில் போகிறவர்களும் ஊரைத் தாண்டியபின் பருத்தியையும் மக்காச்சோளத்தையும் பார்த்துக் களைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். பெரம்பலூரிலிருந்து வடக்கே பதினேழு கிலோமீட்டரில், மங்கலமேட்டுக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை விட்டுச் சற்று விலகினால் ரஞ்சன்குடிக் கோட்டை. இந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சி எப்படித் தொடங்கியது என்று எழுதுகிற எந்தப் புத்தகமும் இந்த வட்டாரத்தைத் தொடாமல் ஆற்காட்டுக்குப் போக முடியாது. ஆனால் கோட்டை வாசலில் நின்றால் அதற்கான அடையாளம் எதுவும் கண்ணில் படாது.

பெரம்பலூரும் அரியலூரும் பழைய திருச்சி மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதிகள். பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் திரும்பவும் பிரிந்தது. ஒன்றாக இருந்து பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி வீடுகள்தான் இவை. பாகப்பிரிவினையில் அரியலூருக்குச் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும் கங்கைகொண்ட சோழபுரமும் போயின. பெரம்பலூருக்குக் கரிசல் நிலமும் சின்ன வெங்காயமும் ரஞ்சன்குடியும் வந்தன. இரண்டு பக்கத்துக்கும் போரோடு தொடர்புள்ள ஓர் இடம் கிடைத்தது. அதில் ஒன்றுக்கு மட்டும்தான் திருவிழா.

அந்தத் திருவிழாவை முதலில் சொல்லிவிடலாம். ஜெயங்கொண்டத்தைத் தாண்டி இருக்கும் கங்கைகொண்ட சோழபுரம், முதலாம் ராஜேந்திரன் கங்கைப் படையெடுப்பின் வெற்றிக்காக எழுப்பிய தலைநகரம். ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு சோழர்கள் அங்கிருந்துதான் ஆண்டார்கள். தோற்ற அரசர்களிடம் கங்கை நீரைச் சுமக்கவைத்து, அதைக் கொண்டுவந்து ஏரியில் ஊற்றிச் சோழகங்கம் என்று பெயர் வைத்த ஊர். இன்று மிஞ்சியிருப்பது கோயிலும் ஏரியும் மாளிகைமேட்டின் செங்கல் அடித்தளங்களும். கோயில் 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதன் மதில் கற்களைப் பெயர்த்து 1836இல் கொள்ளிடத்தின் கீழணைக்குக் கொண்டுபோனார்கள். அணைக்கரைப் பாலத்தில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அங்கே ஆண்டுக்கு இரண்டு முறை கூட்டம் நிரம்பும். ஐப்பசிப் பௌர்ணமியில் அன்னாபிஷேகம். பதின்மூன்றடி உயர லிங்கத்தை மூட மூட்டை மூட்டையாக அரிசி வடிப்பார்கள். நூறு மூட்டை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இன்னொன்று ஆடித் திருவாதிரை, ராஜேந்திரனின் பிறந்த நட்சத்திரம். நெடுங்காலம் மார்கழித் திருவாதிரை என்றுதான் கருதிவந்தார்கள். திருவாரூர்க் கல்வெட்டு ஒன்று ஆடி என்று தீர்த்துவைத்தது. முடிசூடிய ஆயிரமாவது ஆண்டென்று 2014இல் உள்ளூர் ஆர்வலர்கள் எடுத்த விழா, 2022 முதல் தமிழ்நாடு அரசு விழாவாக நடக்கிறது. கடாரப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டான 2025இல் ஜூலை 23 முதல் 27 வரை ஒன்றிய அரசே விழா எடுத்தது. கடைசி நாள் பிரதமர் வந்தார், நினைவு நாணயம் வெளியிட்டார், இளையராஜாவின் இசை நிகழ்ச்சி நடந்தது.

குறை சொல்ல ஒன்றுமில்லை. வெற்றியைக் கொண்டாடக் கட்டிய ஊரில் வெற்றியைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் கொண்டாடப்படும் அந்தப் போர்கள் அங்கே நடக்கவில்லை, தொலைவில் நடந்தன, அவ்வளவுதான். குண்டு விழுந்து, வீடு எரிந்து, ஆட்கள் சிதறி ஓடிய இடம் பார்க்க வேண்டுமென்றால் பெரம்பலூர்ப் பக்கம்தான் வர வேண்டும். அதுவும் ஒரு ஜூலையில்தான் நடந்தது. தமிழ்க் கணக்கில் ஆடி.

கோட்டையைப் பற்றிக் கொஞ்சம். பதினேழாம் நூற்றாண்டில் கர்நாடக நவாபின் கீழிருந்த ஜாகீர்தார் ஒருவர் கட்டியதாகத் தொல்லியல் துறை சொல்கிறது. ஒரே பாறைக் குன்றின் மேல் மூன்று அடுக்காக மதில் ஏறுகிறது. வெட்டிச் செதுக்கிய கற்கள், அரைவட்டக் கொத்தளங்கள், சுற்றி அகழி. கீழ்த்தளத்துக்குப் பேட்டை என்று பெயர். குடியிருப்பும் கடையும் அங்கே இருந்தன. மேலே கோட்டைமேடு, பீரங்கிகள் நின்ற இடம். இடையில் ஒரு மாளிகையின் மிச்சம், நிலவறைகள், ஒரு பள்ளிவாசல். செஞ்சி மாதிரி மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் இல்லை. சிறுபிள்ளையும் பாட்டியும் ஒரே நடையில் ஏறி இறங்கலாம். மேலே நின்றால் நாலாபுறமும் தட்டையான நிலம். எந்தப் படை எந்தத் திசையில் வந்தாலும் அரை நாள் முன்பே தெரிந்துவிடும். கட்டியவன் இடம் பார்த்துத்தான் கட்டியிருக்கிறான்.

1751இல் அப்படித்தான் தெரிந்திருக்கும். நவாப் பட்டத்துக்கு இரண்டு பேர் போட்டி. பிரெஞ்சுக்காரர் துணையோடு சந்தா சாகிப். ஆங்கிலேயர் துணையோடு முகமது அலி. ஆற்காட்டைக் கையில் வைத்திருந்த சந்தா சாகிப், திருச்சியில் இருந்த முகமது அலியைப் பிடிக்கத் தெற்கே இறங்கினார். வழி மறிக்கக் கேப்டன் ஜிஞ்சென் என்பவரின் தலைமையில் கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, வந்தது. ஏறக்குறைய 500 ஐரோப்பியர், 100 ஆப்பிரிக்க வீரர்கள், 1000 சிப்பாய்கள். கூடவே முகமது அலியின் சகோதரர் அப்துல் வகாப் கானின் குதிரைப்படை. படைக்கு உணவும் தளவாடமும் பார்த்துக்கொள்ள ஓர் இளைஞர் இருந்தார். பெயர் ராபர்ட் கிளைவ். விருத்தாசலத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் இங்கே வந்து கூடாரம் போட்டார்கள். ஆங்கிலேயர் எழுத்தில் இது வால்கொண்டா, அதாவது பக்கத்து வாலிகண்டபுரத்தின் பெயர்.

கதையின் நாயகன் என் கணக்கில் கிளைவ் இல்லை, கோட்டைக்குள் இருந்த கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர். இரண்டு பக்கமும் ஆள் அனுப்பிப் பேரம் பேசின. இவர் இரண்டு பக்கமும் நல்ல வார்த்தை சொல்லி, யாருக்கும் கதவைத் திறக்காமல் நாட்களைக் கடத்தினார். யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாதபோது வேறென்ன செய்வது? அந்தக் காலத்துப் பாளையக்காரர், ஜாகீர்தார், கிராம மணியம் எல்லாருக்கும் இதுதான் நிலைமை. கடைசியில் பொறுமை இழந்த ஆங்கிலேயர் ஒரு மாலை பேட்டையைத் தாக்கிக் கீழ்க்கோட்டையைப் பிடித்து வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். பாறை மேல் ஏற அவர்களால் முடியவில்லை. அன்றிரவே கில்லேதார் பிரெஞ்சுக்காரருக்குச் சொல்லி அனுப்பினார். விடிந்ததும் அவர்கள் ஆற்றுப் படுகை வழியே வந்தார்கள்.

அன்று நடந்ததைக் கும்பினியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆங்கிலேயப் படையின் ஐரோப்பிய வீரர்கள் பீதியடைந்து ஓடினார்கள். கிளைவும் மற்ற அதிகாரிகளும் தடுத்துப் பார்த்தும் நிற்கவில்லை. ஆப்பிரிக்க வீரர்கள் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. அப்துல் வகாப் கான் குதிரையில் வந்து, அவர்களைக் கைகாட்டி, ஓடியவர்களைக் கேவலமாகத் திட்டினார் என்கிறார் ஓர்ம். எங்கிருந்தோ கப்பலில் கொண்டுவரப்பட்ட அந்த 100 பேருக்கு இந்தச் சண்டையில் என்ன பங்கு என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

ஆனால் பல சுற்றுலாக் குறிப்புகளில் இந்தப் போரில் ஆங்கிலேயர் வென்றதாகப் போட்டிருக்கும். இரண்டு சம்பவங்கள் ஒன்றாகக் குழம்பியதால் வந்த வினை இது என்று நினைக்கிறேன். ஏனென்றால் மறு ஆண்டு, 1752 ஜூனில், இதே இடத்தில் வேறொன்று நடந்தது. ஸ்ரீரங்கத்தில் சிக்கியிருந்த பிரெஞ்சுப் படையை மீட்கக் கிளம்பிய தளபதி தோத்தேல், ஊட்டத்தூரிலிருந்து பின்வாங்கி இங்கே வந்தார். துரத்தி வந்தவர் அதே கிளைவ். காற்று இப்போது எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கில்லேதாருக்குத் தெரிந்துவிட்டது. கோட்டைக் கதவை மூடிவிட்டார். தோத்தேல் சரணடைந்தார். சில நாட்களில் ஸ்ரீரங்கமும் பணிந்தது. தஞ்சைத் தளபதியை நம்பிப் போன சந்தா சாகிப்பின் தலை போனது. இடையிலிருந்த அந்த ஓராண்டில்தான் கிளைவ் திருச்சியை விட்டுச் சென்னை திரும்பி ஆற்காட்டைப் பிடித்துப் பெயர் வாங்கியிருந்தார். ரஞ்சன்குடியில் ஓடாமல் ஜெயித்திருந்தால் ஆற்காட்டுக்குப் போகும் யோசனை வந்திருக்குமா என்று கேட்கலாம். பதில் கிடையாது, ஆனாலும் கேட்கலாம்.

இவ்வளவு கதை உள்ள கோட்டையில் இன்று ஆண்டு முழுக்க என்ன நடக்கிறது? காணும் பொங்கலன்று சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் கட்டுச்சோறோடு வருகிறார்கள். பிள்ளைகள் மதில் மேல் ஓடுகின்றன, பெரியவர்கள் நிழல் பார்த்து உட்கார்கிறார்கள். யாரும் ஏற்பாடு செய்யாத இந்த விழாதான் இருப்பதில் நல்ல விழா என்பேன். ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாள். நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம். தொல்லியல் துறையின் சின்னங்களில் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து படக்காட்சி, ஓவியப் போட்டி, உறுதிமொழி என்று அந்த வாரம் போகும். ஏப்ரல் நாள் எங்கள் பக்கத்துக்குப் பொருந்தாது. சித்திரை வெயிலில் இந்தப் பாறையில் நிற்கச் சொல்வது தண்டனை. நவம்பரில் மழை பெய்திருந்தால் அகழியில் தண்ணீர் நிற்கும், கரிசல் பச்சையாக இருக்கும். கோட்டையைக் காட்ட அதுதான் காலம்.

வேறு ஊர்களில் இதைச் செய்கிறார்கள். மதுரை திருமலை நாயக்கர் மகாலில் 1981இல் ஒலி ஒளிக் காட்சி தொடங்கினார்கள். கோல்கொண்டாவிலும் உண்டு. பெல்ஜியத்தின் வாட்டர்லூவில் ஜூன் மாதம் பழைய உடுப்புப் போட்டுக்கொண்டு அந்தப் போரையே நடித்துக் காட்டுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. ரஞ்சன்குடிக்கு விளக்கு வேண்டாம், மேடை வேண்டாம், துப்பாக்கிச் சத்தமும் வேண்டாம். ஆடியில் ஒரு ஞாயிறு, மாலை நாலு மணிக்குப் பேட்டையில் தொடங்கி, எரிந்த தெருக்கள் இருந்த இடம், கில்லேதார் பேரம் பேசிய மாளிகை, பீரங்கி நின்ற கோட்டைமேடு என்று நடத்திக் கூட்டிப்போய் ஒருவர் கதை சொன்னால் போதும். பெரம்பலூரில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. வரலாறு படிக்கும் மாணவர்கள் நாலு பேர் ஓர்ம் எழுதியதைப் படித்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது. ஆடிக்காற்று அங்கே பலமாக வீசும். குரல் பெரிதாக உள்ளவரைப் பேசச் சொல்ல வேண்டும்.

வென்றவர் யார் என்று கேட்கும் கூட்டத்துக்கு இந்த நடை ஏமாற்றம்தான். ராஜேந்திரன் போல மாலை போடச் சிலை வைக்க இங்கே ஆள் இல்லை. ஓடிப்போன படை, தயங்கி நின்ற கில்லேதார், வீட்டை இழந்த பேட்டைக்காரர்கள், பெயர் தெரியாத ஆப்பிரிக்கர்கள். அரசு விழாக்களுக்கு இவர்கள் தோதுப்பட மாட்டார்கள். அதனால்தான் துறையை எதிர்பார்க்காமல் ஊர்க்காரர்கள் கையில் எடுக்கலாம் என்கிறேன். கங்கைகொண்ட சோழபுரத்திலும் 2014இல் அப்படித்தான் ஆரம்பித்தது.

போக நினைப்பவர்களுக்கு: குடிக்கத் தண்ணீர் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், காலையிலோ நாலு மணிக்கு மேலோ ஏறுங்கள். திரும்பும் வழியில் வாலிகண்டபுரத்தில் இறங்கி வாலீஸ்வரரைப் பார்க்கலாம். நேரம் இருந்தால் திருச்சிச் சாலையில் பாடாலூர் வரை போய் ஊட்டத்தூருக்குத் திரும்புங்கள். சிறுநீரகக் கோளாறு தீர வேண்டுமென்று நடராஜரை வேண்டி இன்று பக்தர்கள் வரும் ஊர் அது. 1751இல் தோற்ற படை பின்வாங்கிப் போய் மூச்சு வாங்கியதும் அங்கேதான்.