ஓட்டை இல்லாத மேசை

"நம்ம கேரம் மாதிரிதான்பா, போய்ட்டு வாங்க" என்று மகள் சொன்னதை நம்பிக் கிளம்பினேன். மின்வாரிய மனமகிழ் மன்றத்தில் 20 வருடம் கேரம் ஆடியவன் நான். சிவப்புக் காயை ஃபாலோவோடு போட்ட கை இது. கொரியாக்காரர் என்ன செய்துவிட முடியும்?

போன ஜனவரி, கொரியாவில் சுவோன் நகரம். வெளியே மைனஸ் 9 டிகிரி. சம்பந்தி முன்னே நடக்க, நான் குரங்குக் குல்லாவோடு பின்னே. ஒரு கட்டடத்தின் மாடியில் 'தாங்குஜாங்'. அதாவது பில்லியர்ட்ஸ் கூடம்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மகள் கொரியாக்காரரைக் கட்டிக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. 2016-ல் அங்கே நடந்த கல்யாணத்துக்கு முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு நான் போகவில்லை. வீட்டுக்காரி மட்டும் தனியாக விமானம் ஏறினாள். அவள் காலமாகி இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்கு இந்தப் பயணம் வாய்த்தது. சம்பந்தியை நேரில் பார்ப்பது அதுவே முதல் தடவை. அவருக்கு ஆங்கிலம் வராது. கொரிய மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை 'சாடோன்'. சம்பந்தி என்று அர்த்தம்.

உள்ளே போய் மேசையைப் பார்த்தேன். நாலு மூலையிலும் தேடினேன். பந்து விழ ஓட்டையே இல்லை! ஊட்டி கிளப்பில் விதி எழுதினார்களே, அந்த ஸ்னூக்கர் அல்ல இது. பந்தை எங்கேயும் தள்ள வேண்டாம், தொட்டால் போதும்.

ஆட்டம் இதுதான். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, சிவப்பு இரண்டு. வெள்ளை எனக்கு, மஞ்சள் அவருக்கு. என் பந்து இரண்டு சிவப்பையும் தொட்டால் ஒரு புள்ளி. அவருடைய பந்தைத் தொட்டால் அபராதம். பெரிய ஆட்டக்காரர்கள் மூன்றே பந்தில் ஆடுவார்கள். அங்கே இரண்டாவது பந்தைத் தொடுமுன் மூன்று தடவையாவது ஓரத்தில் மோத வேண்டும்.

அந்த மூன்று பந்து மேசை ஒன்றில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது! பச்சைத் துணிக்கு அடியில் கனமான கற்பலகை, அதற்கும் அடியில் ஹீட்டர். துணியில் ஈரம் ஏறினால் பந்தின் ஓட்டம் மாறிவிடும், அதற்காகவாம். 34 வருடம் மின்வாரியத்தில் குப்பை கொட்டியவனுக்கு ஹீட்டரைக் குனிந்து பார்க்காமல் இருக்க முடியுமா? பார்த்தேன். சம்பந்தி சிரித்தார்.

அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. கற்றுக்குட்டிக்கு 30. அப்படியென்றால் மூன்று புள்ளி எடுத்தால் போதும். சம்பந்திக்கு 250, அவர் 25 எடுக்க வேண்டும். கணக்குக்குச் சுவரில் மணிச்சட்டம். எனக்கு மூன்றே மூன்று மணியை ஒதுக்கி வைத்தார். கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

குச்சி கையில் நிற்கவில்லை. முதல் அரை மணி நேரம் ஒரு புள்ளியும் இல்லை. பிறகு, கேரத்தில் கட்டையில் அடித்துத் திருப்புவோமே, அந்தக் கோணத்தை நினைத்து அடித்தேன். டிக், டிக். இரண்டு சிவப்பும் அசைந்தன. சம்பந்தி என்னைவிடப் பலமாகக் கத்தினார்.

காகிதக் கோப்பையில் காபி குடிக்கும்போது அவர் தன் கைப்பேசியை நீட்டினார். அதே கூடம். அதே மணிச்சட்டம். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குச்சியும் கையுமாக என் வீட்டுக்காரி! பின்னால் மூன்று மணி ஒதுக்கியிருந்தது. அவளுக்கும் 30தான்.

ஊருக்குத் திரும்பியதும் இதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. சொல்ல வந்திருப்பாள். 'அந்தப் பேச்சை எடுக்காதே' என்று நான்தான் வாயை அடைத்திருப்பேன்.

ஆட்டம் முடிந்தது. தோற்றவர்தான் மேசை வாடகை கொடுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். சம்பந்தி பர்ஸை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தலையாட்டினேன். என்ன சொல்லவென்று தெரியவில்லை. "சாடோன்" என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பர்ஸை உள்ளே வைத்தார்.

நான் கிளம்புவதற்குள் ஒன்பது தடவை போனோம். இப்போது என் எண் 50. அடுத்த டிசம்பருக்கு டிக்கெட் போட்டாயிற்று. முழங்கால் நன்றாகவே இருக்கிறது.