நங்கநல்லூர் மடிசாரும் கோவில்பட்டி கருங்கண்ணியும்

பழவந்தாங்கல் ரயில் நிலையத்தில் இறங்கினால் நங்கநல்லூருக்கு நடந்தே போய்விடலாம். ஒரே கல்லில் செதுக்கிய 32 அடி ஆஞ்சநேயரைப் பார்க்க வெளியூர்க் கூட்டம் வந்து போகிற ஊர். தெருவுக்குத் தெரு கோயில். விசேஷ நாட்களில் மடிசார் கட்டிய பெண்களை இங்கே இன்றும் பார்க்கலாம். அந்தக் கட்டுக்கு 9 கெஜம் துணி வேண்டும். மீட்டரில் 8-க்குக் கொஞ்சம் மேலே.

இப்போது தைத்த மடிசாரே கடைகளில் கிடைக்கிறது. பாவாடை போல மாட்டிக்கொள்ளலாம். அதில் பாலியஸ்டரும் நிறைய. பார்வைக்குக் குறை ஒன்றும் இல்லை. சித்திரை மாதத்தில் ஹோமத்துக்கு முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால்தான் வித்தியாசம் தெரியும். பருத்தி வியர்வையை உறிஞ்சும், கொசுவம் நழுவாது. பாலியஸ்டரில் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

பழைய உடையைத் திரும்ப உருவாக்கும் எல்லோருக்கும் இதுதான் சிக்கல்: வடிவம் மட்டும் போதுமா, துணியும் அதுவாகவே இருக்க வேண்டுமா? ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வைக்கிங் பெண்களின் உடையை இன்று தைத்துப் பார்ப்பவர்களுக்கு, ஸ்வீடனில் பிர்கா என்ற இடத்துக் கல்லறைகளில் வெண்கல உடை ஊசிகளோடு ஒட்டிக் கிடந்த துணுக்குகள்தான் சாட்சி. ஆளிச்செடி நாரில் நெய்த துணி, ஆட்டுக் கம்பளி என்று அவற்றை வைத்தே துணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நமக்குக் கல்லறையைத் தோண்ட வேண்டியதில்லை, பாட்டியின் பெட்டி போதும். கூறைப் புடவைக்குப் பெயர் கொடுத்த மயிலாடுதுறை கூறைநாட்டில் பட்டையும் பருத்தியையும் கலந்து நெய்தார்கள். 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி, பழைய சேலைகளின் கரைகளைத் தேடி எடுத்துக் கைத்தறியில் மீண்டும் நெய்ய வைத்தார். அந்த நிறுவனம் இருக்கும் திருவான்மியூர், நங்கநல்லூருக்குப் பக்கம்தான்.

கரை திரும்பி வந்துவிட்டது. நூல்? மில்களுக்கு நீள இழைப் பருத்திதான் வேண்டும். கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் மானாவாரியாக விளையும் கருங்கண்ணி குட்டை இழை. வறட்சியையும் சாறு உறிஞ்சும் பூச்சிகளையும் தாங்கும், கைராட்டைக்கும் ஏற்றது. மில்காரர் அதை ஒதுக்க, விதைப்பதும் குறைந்துபோனது. கதர்க்காரர்களும் இயற்கைச் சாய நெசவாளர்களும் இன்று அதைக் கேட்டு வருகிறார்கள். ஆனால் வாங்குபவர் சிலர்தான். அதனால் விதைக்கும் முன்பே ஆளைப் பார்த்துப் பேசிவிடுவது நல்லது. அரவையில் வேறு ரகம் கலந்துவிட்டால் கருங்கண்ணிக்கான விலை கிடைக்காது. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கே 11 இந்தக் கருங்கண்ணி இனம்தான்.