அளக்கலைன்னு எழுதணும்

மதுரைப் பக்கம் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். எவ்வளவு தூரம் என்று மட்டும் சொல்லவே மாட்டார்கள். ‘இந்தா, ஒரு எட்டுத்தேன்’ என்பார்கள். நம்பி நடந்தால் அந்த ஒரு எட்டு ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்.

என் பெரியப்பா இதற்கு விதிவிலக்கு. மேலூர் தாலுகாவில் முப்பது வருஷம் சர்வேயராக இருந்தவர். 66 அடிச் சங்கிலி, அதில் 100 லிங்க். அதை இழுத்துக்கொண்டு அவர் நடக்காத வரப்பு இல்லை. ஒத்தக்கடையில் அவர் வீட்டு வாசலிலிருந்து டீக்கடை எவ்வளவு தூரம் என்று கேட்டால், யோசிக்காமல் ‘நாலு சங்கிலி, முப்பது லிங்க்’ என்பார்.

அந்த மனுஷருக்குக் கண் போயிற்று. கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சங் கொஞ்சமாக அரித்துவிடும். வலி தெரியாது. ஓரத்துப் பார்வை முதலில் போகும், நடுப்பார்வை கடைசி வரை நின்று ஏமாற்றும். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்த ஊர் மதுரை. அந்த ஊர் வாசலில் இருந்துகொண்டு, ‘வயசானா மங்கத்தேன் செய்யும்’ என்று பெரியப்பா டாக்டரிடமே போகவில்லை. போனபோது நேரம் கடந்துவிட்டது. போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். நாற்பது தாண்டியவர் என்றால் நீங்களும் ஒருமுறை கண் அழுத்தம் பார்த்துக்கொண்டு வந்து மேலே படியுங்கள்.

வெள்ளைத் தடி வந்தது. அதில் ஒரு சங்கடம். பள்ளம், படி, கல், படுத்திருக்கும் நாய் எல்லாவற்றையும் தடி கண்டுபிடித்துவிடும். இடுப்புக்கு மேலே இருப்பது அதற்குத் தெரியாது. நின்றுகொண்டிருக்கும் லாரியின் பின்பலகைக்கு அடியில் தடி சுகமாகப் போய்விடும். பின்னால் வருகிற ஆள்தான் முட்டிக்கொள்வார்.

இதற்கென்றே ஐ.ஐ.டி. டெல்லிக்காரர்கள் ‘ஸ்மார்ட்கேன்’ என்று ஒன்றை உருவாக்கினார்கள். 2014-ல் வெளிவந்தது, தயாரித்தது சென்னை நிறுவனம். வௌவால் மாதிரி காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்துத் தடையைக் கண்டுபிடித்துக் கைப்பிடியை அதிரவைக்கும்.

இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம் படிக்கும் அண்ணன் மகள், “ஒலி எதுக்கு சித்தப்பா, ஒளியிலேயே பண்ணிரலாம். தாத்தாவுக்கு நானே செஞ்சு தர்றேன்” என்றாள். ஒரு காலத்தில் கோபால் மொழியில் புரோகிராம் எழுதிய கை அரித்தது. நானும் கூட்டுச் சேர்ந்தேன்.

சாமான்கள் அதிகமில்லை. ஓர் ஆர்டுயினோ நானோ. (2005-ல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில், எலெக்ட்ரானிக்ஸ் தெரியாத டிசைன் மாணவர்களுக்காகச் செய்த போர்டு. செய்தவர்கள் கூடிப் பேசிய மதுக்கடையின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள்.) செல்போனுக்குள் அதிருமே, அந்தக் குட்டி மோட்டார் ஒன்று. அப்புறம் வி.எல்.53.எல்.0.எக்ஸ் என்று வாயில் நுழையாத பெயரில் ஒரு சென்ஸார். சென்ஸார் மட்டும் 4.4 மில்லிமீட்டர் நீளம், ஓர் அரிசியை விடச் சின்னது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை அனுப்பி, அது போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கும்.

ஒளி ஒரு நானோ செகண்டில், அதாவது ஒரு செகண்டை நூறு கோடியாக வெட்டிய ஒரு துண்டில், சுமார் 30 சென்டிமீட்டர் போகும். ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் பட்டுத் திரும்ப ஏழு நானோ செகண்டுக்கும் குறைவு. நம் ஆர்டுயினோவின் கடிகாரம் ஒருமுறை துடிக்கவே 62.5 நானோ செகண்ட் ஆகும். அது கண்ணை விழிப்பதற்குள் ஒளி பதினெட்டு மீட்டர் ஓடிவிடும். அதனால் சென்ஸார் தானே அளந்து, இத்தனை மில்லிமீட்டர் என்று எண்ணாகச் சொல்லிவிடுகிறது. ஆர்டுயினோவுக்குக் கேட்டுக்கொள்ளும் வேலை மட்டும்தான்.

இணைப்பதும் சுலபம். நாலே ஒயர். இரண்டு மின்சாரத்துக்கு. மற்ற இரண்டு பேசிக்கொள்ள: எஸ்.டி.ஏ-வை ஏ4-க்கும், எஸ்.சி.எல்-ஐ ஏ5-க்கும் கொடுக்க வேண்டும். சென்ஸார் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிலிமை உரிக்க மறக்கக்கூடாது. (நாங்கள் மறந்தோம். ஒரு சாயங்காலம் பூராவும், எதிரில் எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே எண்.) மோட்டாரை ஆர்டுயினோவின் காலில் நேராக மாட்டினால் தாங்காது, நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும்.

வீட்டுக்குள் அபாரமாக வேலை செய்தது. பீரோ, கதவு, நான், எல்லாவற்றுக்கும் கைப்பிடி அதிர்ந்தது. சாயங்காலம் தெருவில் பெரியப்பா தனியாக டீக்கடை வரை போய்த் திரும்பினார். “தேவலையே தாயி” என்றார் பேத்தியிடம். அவர் வாயில் அது பத்மஸ்ரீக்குச் சமம்.

மூன்றாம் நாள், மதியம் பன்னிரண்டரை மணி. தடியை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். யானைமலைப் பாறை தகிக்கும் சித்திரை வெயில். தெருமுனையில் செங்கல் லாரி நின்றிருந்தது. கைப்பிடி அதிரவே இல்லை. புருவத்தில் மூன்று தையல்.

என்ன ஆயிற்றென்றால், வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. லாரியில் பட்டுத் திரும்பும் துளி லேசர், அந்த வெள்ளத்தில் காணாமல் போய்விடும். அறைக்குள் இரண்டு மீட்டர் வரை பார்க்கும் சென்ஸார், மேகமூட்டமான வெளியில்கூட ஒரு மீட்டருக்குள் சுருங்கிவிடும் என்று அதன் கையேட்டிலேயே இருக்கிறது. நாங்கள்தான் படிக்கவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு புரோகிராமில். ‘சென்ஸாரிடமிருந்து அளவு வராவிட்டால் மோட்டாரைச் சும்மா விடு’ என்று ஒரு வரி. தெரு காலியாக இருந்தாலும் அளவு வராது, வெயிலில் கண் கூசினாலும் அளவு வராது. இரண்டுக்கும் ஒரே மௌனம். பெரியப்பா அதை ‘வழி இருக்கு, வா’ என்று எடுத்துக்கொண்டார். அந்த வரியை எழுதியது நான்.

தலையில் கட்டோடு படுத்திருந்தவரிடம் போய் ஒப்புக்கொண்டேன். கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

“டேய், சர்வேக்குப் போற இடத்தில முள்ளுக்காடு இருக்கும், கம்மாயில தண்ணி நிக்கும். சங்கிலி போகாது. அப்ப என்ன செய்யணும்? ஃபீல்டு புக்கில பூஜ்யம்னு போட்டுட்டு வரக்கூடாது. அளக்கலைன்னு எழுதணும். பூஜ்யம்னா அங்கிட்டு ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். அளக்கலைன்னா எனக்குத் தெரியலைன்னு அர்த்தம். ரெண்டையும் ஒண்ணாக்கித்தேன் ஊருக்குள்ள பாதி வழக்கு.”

அன்று ராத்திரியே உட்கார்ந்தோம். சென்ஸார் தூரத்தோடு, தன் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்றும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது மூன்று பாஷை. இரண்டு செகண்டுக்கு ஒருமுறை லேசாக ஒரு துடிப்பு: பார்க்கிறேன், எதிரில் ஒன்றுமில்லை. படபடவென்று அதிர்ந்தால்: ஏதோ இருக்கிறது, நில். நீளமாக இரண்டு உறுமல்: வெளிச்சம் அதிகம், எனக்குத் தெரியவில்லை. எதுவுமே இல்லையென்றால் பேட்டரி தீர்ந்துவிட்டது. மௌனத்துக்கு வேறு அர்த்தம் கிடையாது.

புதிதாக எழுதியது பன்னிரண்டு வரிகள். சாமான் செலவு, பைசா கிடையாது.

நீங்களோ உங்கள் வீட்டுப் பிள்ளைகளோ இப்படி ஏதாவது செய்தால், முதல் சோதனையை உச்சிவெயிலில் வையுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அதற்குக் கற்றுக்கொடுத்த பிறகு பெரியவர் கையில் கொடுங்கள்.

பெரியப்பா இப்போதும் மதியத்தில் டீக்கடைக்குப் போகிறார். கைப்பிடி இரண்டுமுறை உறுமினால் நின்றுவிடுகிறார். “கண்ணைக் கட்டிக்கிருச்சு, இனி நம்ம பாடு” என்று இடது கையை நெஞ்சுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு, மெதுவாக, எண்ணி எண்ணி நடக்கிறார். நாலு சங்கிலி, முப்பது லிங்க்.