டிராகாயிலிருந்து அடிவாரத்துக்கு



லித்துவேனியாவிலேயே உயரமான இடம் அவுக்ஷ்டோயாஸ் என்ற குன்று. அதன் உயரம் 294 மீட்டர். நம் சேலம் நகரமே கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 280 மீட்டரில் இருக்கிறது. இந்த நாட்டின் உச்சியில் ஏறி நிற்பவரும் சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்பவரும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில்தான் நிற்கிறார்கள். சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் பிறந்து, காலையில் கதவைத் திறந்ததும் மலை முகத்தில் விழித்தே வளர்ந்தவன் நான். எந்தத் திசையில் பார்த்தாலும் வானம் தரையைத் தொடும் ஊரில் குடியிருப்பது இன்றைக்கும் எனக்குப் பழகவில்லை.

நான் இருக்கும் டிராகாய், தலைநகர் வில்னியசிலிருந்து 28 கிலோமீட்டர். சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காட்டுக்குப் போகும் தூரம்தான். ஆனால் இங்கே வளைவும் இல்லை, ஏற்றமும் இல்லை. பைன் மரங்களுக்கு நடுவே சாலை நேராக வந்து ஏரிக்கரையில் நிற்கிறது. ஊர் ஒரு ஒடுங்கிய நிலநாக்கு. அதைச் சுற்றிலும் ஏரிகள். பெரியது கல்வே ஏரி. அதற்குள் 21 தீவுகள் இருக்கின்றன. கடைசிப் பனியுகத்தில் இந்த நிலத்தின் மேல் கிடந்த பனிப்பாளம் உருகி வடக்கே பின்வாங்கியபோது விட்டுப்போன பள்ளங்களில் தேங்கியதுதான் இத்தனை தண்ணீரும். ஆழமான இடத்தில் நாற்பது மீட்டருக்கும் கூடுதலாக இறங்குகிறது.

தீவுகளில் ஒன்றின் மேல் செங்கல்லால் கட்டிய கோட்டை நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டில் கெஸ்துதிஸ் தொடங்கியதை அவர் மகன் வித்தவுதாஸ் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடித்தார். 1410இல் கிரூன்வால்டு போரில் டியூட்டானிக் படைகளை முறியடித்தவர்களில் ஒருவர் இந்த வித்தவுதாஸ். லித்துவேனியர்கள் தங்கள் அரசர்களில் தலையாயவராக நினைப்பது இவரைத்தான். 1430இல் டிராகாயிலேயே இறந்தார். பிறகு 17ஆம் நூற்றாண்டுப் போர்களில் கோட்டை இடிந்தது. இருநூறு முந்நூறு வருடம் பாழடைந்து கிடந்ததை 1950களில் மீண்டும் எழுப்பத் தொடங்கி, இன்று அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

ஆனால் என் மனதை இந்த ஊரோடு கட்டிப்போட்டது கோட்டை அல்ல, அதற்கு எதிரே நீளும் ஒரு தெரு. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் வித்தவுதாஸ் கிரிமியாவிலிருந்து காரயீம் என்ற சிறு இனத்தாரைக் கூட்டிவந்து, கோட்டைக் காவலுக்காக இங்கே குடிவைத்தார். துருக்கியக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி அவர்களுடையது. தனிச் சமயம், தனி வழிபாட்டுக் கூடம். தெருவைப் பார்த்து மூன்று சன்னல் வைத்த மர வீடுகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. லித்துவேனியா முழுவதும் சேர்த்தே இன்று அவர்கள் சில நூறு பேருக்குள்தான். இருந்தும் டிராகாய்க்கு வரும் எவரும் அவர்களைத் தெரிந்துகொள்ளாமல் திரும்ப முடியாது. அவர்களுக்கென்று ஒரு அருங்காட்சியகம் உண்டு. தெருவுக்கே அவர்கள் பெயர். ஆட்டுக்கறி வைத்துச் சுடும் அவர்களுடைய கிபினாய் என்ற பண்டம்தான் இந்த ஊரின் சாப்பாடு. 1991இல் ஊரையும் ஏரிகளையும் சேர்த்து வரலாற்று தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது, அரசன் கதையோடு இந்தச் சிறு கூட்டத்தாரின் கதையும் ஊரின் சொத்தாகப் பாதுகாப்புக்குள் வந்தது.

சனவரியில் கல்வே ஏரி உறைந்துவிடும். தொலைபேசியில் படம் காட்டினால் அம்மாவுக்கு நம்பிக்கை வருவதில்லை. “நெசமாவே ஏரி மேல நடக்கறாங்களா கண்ணு? நம்ம ஏற்காட்டு ஏரி மாதிரிதானே அதும்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல். அம்மாவுக்கு மட்டுமல்ல, ஏற்காடு என்றால் படகுச் சவாரியும் மிளகாய் பஜ்ஜியும் என்று நினைத்துத் திரும்பிவிடும் எல்லாருக்கும்.

அது மாதிரி இல்லை, அம்மா. டிராகாய் ஏரி பிறந்து பதினைந்தாயிரம் வருடம்கூட இருக்காது. நம் மலையின் பாறையோ ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழையது. சார்னோக்கைட் என்று நிலவியலார் சொல்லும் கருநீலச் சாயல் கொண்ட பாறை. சென்னைப் பரங்கிமலையும் இதே இனம். பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து இறுகி, மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து போனபின் வெளியே வந்தது. மேலே சமவெளிபோல் விரிந்த பகுதியில் வெயிலும் மழையும் அந்தப் பாறையை அரித்து அரித்து, மற்றதைக் கரைத்துவிட்டு அலுமினியத்தை மட்டும் செம்மண்ணோடு விட்டுவைத்தன. அதுதான் பாக்சைட். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டிலிருந்து லாரி லாரியாக இறங்கியது அந்தக் கல்தான். மலைக்கும் சேலத்துக்கும் நடுவே இருப்பது இன்னொரு வகை நிலம். வெள்ளை வெளேரென்று மேக்னசைட் சுரங்கங்கள். ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். இருபது முப்பது கிலோமீட்டருக்குள் கல் இத்தனை வகையாக மாறும் நிலம் அபூர்வம். லித்துவேனியாவிலோ பனிப்பாளம் வடக்கேயிருந்து உருட்டிவந்து போட்ட உருண்டைக் கற்களைத்தான் பாறை என்று காட்டுகிறார்கள்.

மலையை நீரின் வழியாகவும் பார்க்க வேண்டும். மஞ்சவாடிப் பக்கம் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து காவிரியில் சேர்கிறது. மேற்குச் சரிவின் தண்ணீர் சரபங்கா நதியாகி ஓமலூர், எடப்பாடி வழியே அதே காவிரிக்குப் போகிறது. வடக்கே விழும் மழை வாணியாறாகிப் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து அணையை நிரப்பிவிட்டுத் தென்பெண்ணைக்குப் போகிறது. ஒரே முகட்டில் பெய்யும் மழை இரண்டு பெரிய ஆறுகளுக்குப் பங்காகிறது. சேலத்துக்காரர்கள் சேர்வராயனைச் சுற்றுலா இடமாக மட்டும் பார்ப்பது எனக்கு வருத்தமாக இருப்பது இதனால்தான். நம் கிணறுகளின் தலைமாடு அது.

ஏரியும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. ஊட்டி ஏரியைக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் உண்டாக்கினார். கொடைக்கானல் ஏரி 1863இல் லெவிஞ்ச் துரை அணை போட்டதால் வந்தது. ஏற்காட்டு ஏரி அப்படி வந்ததல்ல. சுற்றியுள்ள மேடுகளின் தண்ணீர் இயல்பாகவே தங்கிய பள்ளம். நிறைந்தால் மிகுந்த நீர் கிளியூர்ப் பக்கம் ஓடி, ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து அருவியாக விழுகிறது. ஏரியில் போடும் குப்பை எங்கே போகும் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

ஏற்காட்டின் வரலாறு என்று அச்சில் வருவதெல்லாம் பெரும்பாலும் எம்.டி. காக்பர்னிடமிருந்து தொடங்கும். 1820களில் சேலத்துக் கலெக்டராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர். காப்பியையும் ஆரஞ்சு, பேரி போன்ற பழ மரங்களையும் மலைக்குக் கொண்டுவந்தவர். அவருக்கு உரிய இடத்தை நான் மறுக்கவில்லை. அவர் வைத்த காப்பிதான் இன்றைக்கும் சில்வர் ஓக் நிழலில், அந்த மரத்திலேயே படரும் மிளகுக் கொடியோடு, மலையின் பிழைப்பாக இருக்கிறது. ஆனால் வரலாறு அவரிடமிருந்து தொடங்குவது தவறு. அவர் குதிரையில் ஏறி வந்தபோது மேலே ஊர்கள் இருந்தன, சாமி இருந்தது, சாமையும் ராகியும் விளைந்துகொண்டிருந்தன.

மலையாளிகள் என்று அழைக்கப்படும் மலைக் குடிகள் அவர்கள். பேசுவது தமிழ், கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு வந்து ஆளுக்கொரு மலையில் தங்கியதாக அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்து கிடந்தாலும் ஒரே வழி வந்தவர்கள் என்ற நினைப்பு அவர்களிடம் உண்டு. 1600 மீட்டருக்கும் மேலே, காற்று ஆளைத் தள்ளும் மொட்டை மேட்டில் சேர்வராயன் கோயில் இருக்கிறது. குனிந்து போக வேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். இங்கே உருவாகும் தண்ணீர் காவிரிக்குப் போகிறது என்பதை அந்த மக்கள் வரைபடம் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. மே மாதத் திருவிழாவுக்கு மலையூர்கள் எல்லாம் அங்கே திரளும்.

காப்பித் தோட்டங்கள் பரவியபோது அவர்கள் ஆடுமாடு மேய்த்த காடும் உழுத கொல்லையும் வேலிக்குள் போயின. சொந்த மலையில் பழம் பறிக்கும் கூலிக்காரர்களாக ஆனவர்கள் எத்தனையோ பேர். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது என்பது அரசியல் செய்தியாகப் பலருக்குத் தெரியும். ஏன் ஒதுக்கப்பட்டது, அந்த மக்கள் யார் என்பது ஏரிக்கரைக்கு வந்து போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் பள்ளியில் படித்த காலத்தில் யாரும் சொல்லாத இன்னும் இரண்டு பேர் இந்த மலையில் இருக்கிறார்கள். ஒருவர் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்துக்கு மெதடிஸ்ட் ஊழியராக வந்து, பள்ளிகள் தொடங்கி, ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் பெயர்த்தவர். பிறகு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். தினவர்த்தமானி என்ற வார இதழை 1855இல் தொடங்கினார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874இல் வெளியிட்டார். நம் பாட்டிமார் வாயில் புழங்கியதை அச்சுக்குக் கொண்டுவந்து காப்பாற்றிய அந்த மனிதர் 1882இல் காலமானது ஏற்காட்டில்.

மற்றவர் அவருடைய மருமகன், ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்து, இது மனிதன் செதுக்கிய கருவி என்று கண்டுகொண்டவர். இந்தியாவின் பழைய கற்காலம் பற்றிய ஆராய்ச்சி அந்த ஒரு கல்லிலிருந்துதான் தொடங்கியது. நிலவியல் துறை வேலைக்காகத் தென்னாடு முழுக்க நடந்தவர், ஓய்வு பெற்றபின் வந்து தங்கத் தேர்ந்தெடுத்தது ஏற்காட்டை. சேர்வராயன் மலையிலும் வழுவழுப்பாகத் தீட்டிய புதிய கற்காலக் கோடரிகள் கிடைத்தன. அவர் சேர்த்த கற்கருவிகள் 1904இல் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார்; அவருடைய நினைவுச் சின்னம் ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. பல்லாவரத்துக் கல்லைப் பற்றிப் பாடம் படிக்கும் மாணவர்களைச் சேலத்துக் கல்லூரிகள் ஒரு காலை நேரம் அங்கே அழைத்துப்போகலாம். பஸ் கட்டணம் பெரிய செலவில்லை.

1917இல் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளியைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், அதனால் விட்டுவிடுகிறேன். தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். தென்னாட்டுக் காட்டு மரங்களில் ஒட்டி வாழும் ஆர்க்கிட் செடிகளைக் கொண்டுவந்து வளர்த்துக் காக்கிறார்கள். மே மாத மலர்க் கண்காட்சியின் பூப்பொம்மைகள் ஒரு வாரத்தில் வாடிவிடும். அந்தத் தோட்டம் ஆண்டு முழுதும் இருக்கிறது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்ற செய்தியை இங்கே பனி பெய்துகொண்டிருந்த ஒரு இரவில் படித்தேன். தூக்கம் வரவில்லை. சரிவில் மரத்தை வெட்டி, கட்டடத்துக்காக மண்ணைக் குடைந்துகொண்டே போனால் மழை அதன் வழியைத் தானே வெட்டிக்கொள்ளும். அதன் விளைவை முதலில் அனுபவிப்பது மேலே இருக்கும் மலையூர்கள், அடுத்து அடிவாரம்.

டிராகாய் மக்கள் நம்மைவிட உயர்ந்தவர்கள் என்று நான் எழுதவில்லை. அவர்கள் ஒரு வேலையைச் செய்து முடித்திருக்கிறார்கள்: ஏரியைப் பார்க்க வருபவர், ஏரிக்கரையில் யார் வாழ்ந்தார்கள், யார் வாழ்கிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டே போகும்படி ஊரை அமைத்திருக்கிறார்கள். ஏற்காட்டுக்கும் அது வேண்டும். படகுத்துறைக்குப் பக்கத்திலேயே, டிக்கெட் வாங்க நிற்கும் எல்லார் கண்ணிலும் படும்படி ஒரு கூடம். அதில் முதல் அறை மலையாளி மக்களுடையதாக இருக்க வேண்டும், அவர்களே சொல்லும் கதையோடு. கல்லும் ஆறும் அடுத்த அறை. காக்பர்னும் பெர்சிவலும் ஃபூட்டும் அதற்குப் பிறகு.

சேலத்து நண்பர்களே, அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். மலையூர்களின் முதியவர்கள் வாயில் இருக்கும் வரலாறு அவர்களோடு போய்விடும். அடுத்த முறை மேலே போகும்போது ஏரியோடு திரும்பாமல் நாகலூருக்கோ மஞ்சக்குட்டைக்கோ போங்கள். அனுமதி கேட்டு, அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஊர், நாள், சொன்னவர் பெயர் மூன்றையும் மறக்காமல் குறித்து, ஒரு பிரதியை அந்த ஊரிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.