முப்பது விநாடியில் மேளம் அடங்காது

தென்காசி வட்டாரத்தில் எந்த ஊர்க் கோயில் கொடைவிழாவுக்குப் போனாலும், நையாண்டி மேளம் நிற்கிற இடத்தில் செல்போன் தூக்கிய கைகள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. தவில்காரர் ஒரு பிடி பிடித்ததும் கைகள் எழும்பும். முப்பது விநாடியில் இறங்கிவிடும். அப்புறம் ஆளுக்கொரு பக்கம் தலையைக் குனிந்து, பிடித்ததை யாருக்கோ அனுப்பிக்கொண்டிருப்பார்கள். தவில்காரருக்கோ அப்போதுதான் கை சூடேறியிருக்கும்.

பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கேட்டது கைவிட்டுப் போய்விடக் கூடாது என்கிற ஆசை நல்ல ஆசை. மைக்செட் தொழிலில் தலை நரைத்தவன் நான். குற்றாலத்துச் சாரல் விழா மேடை முதல் வயக்காட்டு நடுவில் நிற்கிற சுடலைமாடன் கோயில் வரைக்கும் குழாய் கட்டியிருக்கிறேன். “தாத்தா, படம் நல்லாத்தான் விழுது, சத்தம் மட்டும் கிழியுதே, என்ன செய்ய?” என்று கேட்டு வருகிற பேரப்பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பதில் கொஞ்சம் நீளம். அவர்கள் பொறுமையாகக் கேட்பதில்லை. எழுதிவைத்தால் என்றைக்காவது படிப்பார்கள்.

கேட்டதைப் பிடித்துவைக்கிற ஆசை பழைய ஆசை. நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா அரங்கம் என்று ஒன்று உண்டு. அங்கே நூலகராக இருந்தவர் லயனல் மேப்பிள்சன். 1901 முதல் 1903 வரை, மேடையில் பாட்டு நடக்கும்போதே எடிசனின் மெழுகு உருளை இயந்திரத்தில் அதைப் பிடித்தார். முதலில் மேடையோரத்தில், வசனம் எடுத்துக்கொடுப்பவர் உட்காரும் பொந்துக்குள் இயந்திரத்தை வைத்தார். பிறகு மேடைக்கு மேலே உயரத்தில் இருந்த நடைபாலத்துக்குக் கொண்டுபோனார். ஓர் உருளையில் இரண்டு மூன்று நிமிஷம்தான் அடங்கும். கேட்டால் இரைச்சலுக்கு நடுவே எங்கோ தூரத்தில் யாரோ பாடுகிற மாதிரி இருக்கும். ஆனாலும் ழான் த ரெஸ்க்கே என்ற பெரும் பாடகரின் குரல் இன்று கேட்கக் கிடைப்பது அந்த உருளைகளில் மட்டும்தான்.

இன்னொருவர் டீன் பெனடெட்டி. சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் மேல் பித்துப் பிடித்த ரசிகர். 1947, 48-இல் கிளப் கிளப்பாகப் பின்னாலேயே போய்ப் பதிவு செய்தார். தட்டும் டேப்பும் விலை கூடின காலம். அதனால் பார்க்கர் தனியாக வாசிக்கும்போது மட்டும் இயந்திரத்தைப் போடுவார், மற்றவர் எடுத்ததும் நிறுத்திவிடுவார். இன்றைக்குக் கேட்கிறவனுக்குப் பார்க்கர் கிடைக்கிறார்; அவர் யாருக்குப் பதில் சொல்லி வாசித்தார் என்பது பல இடத்தில் கிடைப்பதில்லை.

மேப்பிள்சனுக்கு மெழுகு போதவில்லை, பெனடெட்டிக்குக் காசு போதவில்லை. உன் சட்டைப் பையில் 128 ஜி.பி. கிடக்கிறது. சாதாரண எச்.டி.யில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 4 ஜி.பி., 4கே-யில் எடுத்தால் 10 ஜி.பி. போல ஆகும். ராத்திரி முழுக்க எடுக்க இடம் இருக்கிறது. முப்பது விநாடியில் நிறுத்துவது இடம் இல்லாததாலா?

நம் ஊர்ப் பக்கமே பார். நாயனக்காரர் காருகுறிச்சி அருணாசலம் 1964-இல் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பத்துச் சொச்சம். 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் அவர் வாசித்த நாயனத்தை ஊருலகம் அறியும். பழைய இசைத்தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான். ஒரு ராகத்தை அவர் அவசரப்படாமல் விரித்துக்கொண்டு போவதைக் கேட்க வேண்டுமானால், வானொலிப் பதிவும் கல்யாண வீட்டில் யாரோ ஒரு ரசிகர் ஸ்பூல் டேப்பில் பிடித்துவைத்ததும்தான் கதி. அந்த ரசிகர்களில் பலருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது.

அதனால் என் முதல் பேச்சு இதுதான்: முழுசாக எடு. நாயனக்காரர் சீவாளியை உதட்டில் வைத்துச் சுதி பார்ப்பதில் தொடங்கி, மங்களம் வாசித்து எழுந்திருக்கிற வரைக்கும். தாளம் போடுகிறவரும் பம்பைக்காரரும் சட்டத்துக்குள் இருக்கட்டும். கேசட் காலத்தில் 90 நிமிஷ கேசட் போட்டாலும் 45-ஆவது நிமிஷத்தில் புரட்டியாக வேண்டும். தவிலுக்கு வார் இழுக்கும் நேரம் பார்த்துப் புரட்டுவோம். அந்தக் கவலையும் உனக்கு இல்லை. போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடு. நடுவில் மாமா கூப்பிட்டால் பதிவு நின்றுபோகும்.

இனி சத்தத்துக்கு வருகிறேன். படம் சுமாராக இருந்தாலும் சத்தம் நன்றாக இருந்தால் ஜனம் உட்கார்ந்து கேட்கும். சத்தம் கெட்டால் படம் எவ்வளவு தெளிவாக இருந்தும் ஒரு நிமிஷம் தாங்காது. சத்தத்தைத் தீர்மானிப்பது முதலில் நீ நிற்கிற இடம், அப்புறம்தான் மிஷின்.

தவிலை எடுத்துக்கொள். வலந்தலையில் விரல்கூடு மாட்டின கை விளையாடும். தொப்பியில் கம்பு விழும். வலந்தலைப் பக்கம் ஒட்டி நின்றால் சடசடப்பு மட்டும் விழும், தொப்பிப் பக்கம் நின்றால் கும்கும் என்பது மட்டும். இரண்டும் சேருகிற இடம் தவில்காரருக்கு நேர் எதிரே, பத்துப் பதினைந்து அடி தள்ளி. நாயனத்தின் அணசுக்கு நேராக மைக்கை நீட்டாதே; கொஞ்சம் ஒதுங்கி, சாய்வாகப் பிடித்தால் காதைக் குத்தாது. குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் மட்டும் நிற்கவே நிற்காதே. குழாய் என்பது தூரத்துக்குச் சேதி சொல்லப் பிறந்த சாமான். அதற்குக் கனத்த சத்தமும் வராது, மெல்லிசும் வராது. குழாய் கட்டிப் பிழைத்தவன் சொல்கிறேன்.

செல்போன் சத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். தவில் அடி விழுந்ததும் அமுக்கும், அடி ஓய்ந்ததும் தூக்கும். கேட்டால் மேளம் மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். கையால் அளவு வைக்கிற வசதி உள்ள செயலியைப் போட்டுக்கொள்; முடிந்தால் சின்னதாக ஒரு ஒலிப்பதிவுக் கருவி தனியாக வாங்கு. மேளம் உச்சத்துக்குப் போகும்போது முள் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். சுழியத்தில் முட்டினால் சத்தம் கிழியும், கிழிந்ததை எந்தக் கம்ப்யூட்டரும் முழுசாகத் தைக்காது. குறைவாகப் பதிந்ததை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம். 32 பிட் ஃப்ளோட் என்று இப்போது வருகிற கருவிகள் இந்தக் கவலையைப் பெரும்பாலும் தீர்க்கின்றன. ஆனால் மைக்கே திணறினால் அவையும் கைவிரித்துவிடும்.

வில்லுப்பாட்டுக்குக் கணக்கு வேறு. புலவருக்கும் பின்பாட்டுக்கும் மைக் இருக்கும். குடத்துக்குப் பல இடத்தில் இருக்காது. மைக்செட்காரரிடம் பணிவாகக் கேட்டு மிக்ஸரிலிருந்து ஒரு வயர் வாங்கினால் குரல் கண்ணாடி மாதிரி வரும். குடத்தின் வாயில் மட்டை விழுகிற அடியும் வில்மணியின் கிணுகிணுப்பும் பேருக்குத்தான் இருக்கும். அதனால் வயரில் ஒரு பதிவு, எதிரே ஸ்டாண்டில் ஒரு கருவியை வைத்துக் காற்றில் ஒரு பதிவு. வீட்டில் இரண்டையும் கலந்துகொள். மிக்ஸர் வயரைச் செருகும்போது கருவியை ‘லைன்’ அளவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், ‘மைக்’ அளவில் விட்டால் கிழியும். எல்லாக் கருவியும் ஓடத் தொடங்கியதும் கேமரா முன்னால் ஒரு கைதட்டுத் தட்டிவிடு. பிறகு படத்தையும் சத்தத்தையும் சேர்க்க அந்தத் தட்டு போதும். சத்தம் ஒரு விநாடிக்கு 340 மீட்டர்தான் போகும். நூறடி தள்ளி நின்று எடுத்தாயானால் கம்பு தவிலில் பட்டு, படத்தில் இரண்டு சட்டம் (ஃப்ரேம்) கழித்துத்தான் அடி கேட்கும். அதையும் நகர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

குற்றாலத்தில் பதிவு செய்ய வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடி மாதம் கணவாய் வழியாக வருகிற காற்று உடம்புக்குச் சுகம், மைக்குக்குச் சத்துரு. தென்காசிக் காசிவிசுவநாதர் கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளுகிறதே, அந்த இடத்தில் மொட்டை மைக்கை வைத்தால் வேட்டி படபடக்கிற சத்தம்தான் கிடைக்கும். பஞ்சு உறை போதாது, ரோமம் வைத்த உறை வேண்டும். சாரல் விழுந்தால் கண்ணாடிக் காகிதத்தால் கருவியை மூடு. மைக்கை மூடாமல் குடை பிடி. லென்ஸில் பூத்துவாலைத் தூறல் படிந்துகொண்டே இருக்கும், பருத்தித் துணி ஒன்று இடுப்பில் இருக்கட்டும். பேரருவிக்குப் பக்கத்தில் நின்று பாட்டைப் பதிய நினைக்காதே. அருவி இரைச்சலில் எல்லா சுருதியும் கலந்திருக்கும், எதைக் கொண்டும் முழுசாக வடிகட்ட முடியாது.

படத்துக்கு நான் அதிகம் சொல்ல மாட்டேன். நம் ஊர்க் கரண்டு 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 சட்டம் வைத்து, ஷட்டரை ஐம்பதில் ஒன்றாகப் போட்டால் டியூப்லைட் துடிப்பும் எல்.இ.டி. வரியும் பெரும்பாலும் அடங்கும். புலவர் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டு. இல்லாவிட்டால் சீரியல் செட் மின்னும்போதெல்லாம் முகம் இருண்டு வெளுக்கும். விரலால் விரித்துப் பெரிதாக்காதே. போனைப் படுக்கைவாட்டில் வை, ஸ்டாண்டில் வை. ஸ்டாண்டில் வைத்துவிட்டால் கை சும்மா இருக்கும், தாளமும் போடலாம்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் குழாய் போடக் கூடாது என்பது சட்டம், அனுமதி வாங்கின நாட்கள் தவிர. என் தொழிலுக்கு அது இடி. உனக்கு யோகம். சாமக்கொடையில் குழாய் அடங்கி வெறும் மேளம் மட்டும் கேட்கிற நேரத்துக்கு இணையான பதிவு நேரம் கிடையாது.

அந்த நேரத்தில்தான் சாமியும் வரும். சாமியை வரவழைக்கிற வரத்துப்பாட்டு ஏற ஏற ஒரு பெண்பிள்ளை தலைவிரித்து ஆடினால் கேமராவைத் திருப்பிப் புலவர் பக்கம் வைத்துவிடு. சத்தம் பதிந்துகொண்டிருக்கட்டும். அவள் நாளைக்குக் காலையில் பீடி சுற்றவோ பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தவோ போக வேண்டியவள். அவள் முகம் உன் இணையப் பக்கத்தில் பார்வை எண்ணிக்கை கூட்டுவதற்கு இல்லை.

அனுமதி கேட்பதற்குக் கூச்சப்படாதே. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கலைஞருக்குத் தம் நிகழ்ச்சி மேல் 50 வருஷ உரிமை இருக்கிறது. கலைஞர் என்றால் சபாவில் பாடுகிறவர் மட்டும் இல்லை. கழைக்கூத்தாடியையும் பாம்பாட்டியையும்கூட அந்தச் சட்டம் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. உன் சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்தால் குற்றமில்லை என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது. ஊருக்குப் போட்டுக்காட்டுவது அதில் அடங்காது. அதற்குச் செட்டுத் தலைவரின் சம்மதம் வேண்டும். அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்ற பாட்டுக்குழு 1984-இல் பதிவு செய்கிற ரசிகர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கியது. நம் மேளக்காரரும் கேட்டால் தருவார், பெரும்பாலும் டீயும் வாங்கித் தருவார்.

2012-இல் செய்த திருத்தப்படி, நிகழ்த்தினவர் இவர்தான் என்று பெயர் சொல்லப்படுவதும் கலைஞரின் உரிமை. ‘மாஸ் தவில் அடி’ என்று தலைப்புப் போட்டுப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கச்சேரி முடிந்து வாத்தியத்துக்கு உறை போடுகிற நேரத்தில் நோட்டை எடுத்துக்கொண்டு போ. முதல் நாயனம், இரண்டாம் நாயனம், தவில் இரண்டு பேர், பம்பை, தாளம் என்று எல்லார் பெயரையும் ஊரோடு எழுது. எழுத்துப் பிழை இல்லையா என்று அவர்களிடமே காட்டு. கோயில் பெயர், தேதி, என்ன ராகம், என்ன கதை, எல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

எடுத்துவைத்ததைக் காப்பது வேறொரு வேலை. காசிவிசுவநாதர் கோயிலைக் கட்டின பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதற்குச் சேதம் வந்தால் அதைச் செப்பனிடுகிறவர்களின் காலில் விழுந்து வணங்குவதாகக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். கட்டுகிறபோதே அவனுக்கு அந்தக் கவலை இருந்திருக்கிறது. கோபுரம் இடிந்து, நெடுங்காலம் மொட்டையாக நின்று, 1990-இல்தான் மறுபடி எழுந்தது. செல்போனில் மட்டும் கிடக்கிற பதிவுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. அன்று ராத்திரியே இரண்டு ஹார்டு டிஸ்கில் போடு, ஒன்றை வேறு வீட்டில் வை. சத்தத்தை எம்.பி.3 ஆக்கிச் சுருக்கியது ஊருக்கு. மூலமான வேவ் கோப்பு பெட்டிக்கு.

மறுவாரம் ஒரு பென் டிரைவில் முழுப் பதிவையும் செட்டுக்காரர் கையில் கொடுத்துவிடு. அடுத்த கொடைக்கு ஆள் பேச வருகிற கமிட்டிக்காரர்கள் இப்போது வீடியோ கேட்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். முப்பது விநாடித் துண்டைக் காட்டினால், “இது எல்லா செட்டும் அடிக்கிறதுதானே” என்று விலையைக் குறைப்பார்கள். ஒரு மணி நேரப் பதிவில் அவருடைய தனி வாசிப்பு எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறது என்று குறித்தும் கொடு. கமிட்டிக்காரர்களுக்கும் பொறுமை கிடையாது.